க்ஷயமும் நீரிழிவும்

செல்வர்களுக்கு நீரிழிவு, ஏழைகளுக்கு க்ஷயம் என்று வியாதிகளுக்கும் ஜாதி பிரித்து வைத்திருந்தார்கள் நம் பெரியவர்கள். நெய்யும் பருப்புமாக உண்டுவிட்டுத் திண்ணையில் சாய்ந்திருப்பவனை ஒன்று பிடிக்கும். கூழுக்கும் வழியின்றி இருட்டறையில் இருமிக் கிடப்பவனை மற்றொன்று பிடிக்கும் என்பது பொதுவான அபிப்பிராயம். அந்த அபிப்பிராயம் இன்று செல்லாது. இவ்விரண்டு வியாதிகளும் ஒரே வீட்டில், ஒரே உடம்பில் குடியேறிப் பல வருஷங்களாகிவிட்டன. தமிழ்நாட்டில் க்ஷயரோக சிகிச்சைக்கு வந்த 827 பேரைச் சோதித்து 2012-ம் வருஷத்தில் ஓர் ஆராய்ச்சி வெளியிடப்பட்டது. அவர்களில் நூற்றுக்கு 25 பேருக்கு நீரிழிவும், மேலும் 24 பேருக்கு நீரிழிவின் முன்நிலையும் இருந்தனவாம். அதாவது க்ஷயரோகிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருடைய ரத்தத்தில் சர்க்கரை இருக்கவேண்டிய அளவில் இல்லை.

நம் நாட்டுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சில எண்களே சொல்லும். 2023-ல் உலகம் முழுவதிலும் புதிதாகக் க்ஷயம் கண்டவர்கள் 1 கோடியே 8 லட்சம் பேர் என்றும், அவர்களில் 28 லட்சம் பேர் இந்தியர்கள் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டிருக்கிறது. நான்கில் ஒரு பங்குக்கு மேல் நம்முடையது. நீரிழிவிலும் நாம் பின்தங்கவில்லை. நாடு முழுவதும் லட்சத்துக்கு மேற்பட்டவர்களைப் பரிசோதித்து இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸிலும் சென்னை ஆராய்ச்சியாளர்களும் 2023-ல் வெளியிட்ட கணக்கின்படி, இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடியே 10 லட்சம் பேர். இவர்களுக்குக் க்ஷயம் காணும் அபாயம் மற்றவர்களுக்கு உள்ளதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. க்ஷயம் கண்டவருக்கு நீரிழிவும் இருக்குமானால் இறந்துபோகும் அபாயம் ஏறக்குறைய இரு மடங்கு. குணமான பிறகு நோய் திரும்பும் அபாயம் ஏறக்குறைய நான்கு மடங்கு. பல தேசங்களின் ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்துக் கணித்த விகிதங்கள் இவை. இரண்டு வியாதிகளும் இத்தனை பெருவாரியாகச் சந்தித்துக்கொள்ளும் தேசம் நம்முடையது. ஆகையால் இவ்விஷயத்தை டாக்டர்களின் சஞ்சிகைகளிலேயே அடைத்துவைப்பது தகாது என்று கருதி இங்கே எழுதுகிறோம்.

இத்தொடர்பு புதிதாகத் தெரியவந்ததன்று. 1921-ல் இன்ஸுலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்னால், நீரிழிவுக்காரர்களில் அநேகர் கடைசியில் க்ஷயத்தால் மாண்டார்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து டாக்டர் ஹோவர்ட் ரூட் 1934-ல் இதைப் பற்றி விரிவாக எழுதி எச்சரித்தார். அதற்குப் பிறகு 1943-ல் ஸ்ட்ரெப்டோமைஸினும், 1952-ல் ஐஸோநயஸிடும் வந்தன. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் க்ஷயம் குறைந்தது. குறைந்ததும், நீரிழிவுக்கும் அதற்கும் உள்ள உறவைப் பற்றிய சிந்தனையும் அங்கே குறைந்தது. அங்கே குறைந்தபடியால் உலகத்திலேயே குறைந்தது! விஞ்ஞானம் சகல ஜனங்களுக்கும் பொது என்கிறார்கள், உண்மைதான். ஆனால் எந்தக் கேள்வியை ஆராய்வது என்று தீர்மானிப்பவன் பெரும்பாலும் பணம் கொடுப்பவன். செல்வ நாடுகள் மறந்துவிட்ட கேள்வியைச் சுமார் அரை நூற்றாண்டு காலம் நாமும் மறந்திருந்தோம். நம் ஆஸ்பத்திரிகளில் க்ஷயத்துக்கு ஒரு கட்டடம், நீரிழிவுக்கு வேறொரு கட்டடம் என்று வைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நோயாளியைச் சீட்டோடு அனுப்பிக்கொண்டிருந்தோம்.

சர்க்கரைக்கும் கிருமிக்கும் என்ன சம்பந்தம்? ரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் கிருமி அதைத் தின்று கொழுக்கிறது என்று சாதாரணமாகச் சொல்வதுண்டு. கேட்பதற்குப் பொருத்தமாயிருக்கும் இந்த விளக்கம் பெரும்பாலும் தவறு. கடந்த முப்பது வருஷங்களில், உயிரின் மிகச் சிறிய கூறுகளான மூலக்கூறுகளின் அளவில் இறங்கி நடத்தப்பட்ட ஆராய்ச்சிகள் காட்டுவது வேறு கதை. அது சற்று விசித்திரமான கதையாதலால் கொஞ்சம் விரித்துச் சொல்ல வாசகர்கள் அனுமதிப்பார்களென நம்புகிறோம்.

க்ஷயக் கிருமியை ராபர்ட் கோக் என்ற ஜெர்மானியர் 1882-ம் வருஷம் மார்ச் மாதம் 24-ந் தேதி பெர்லினில் எடுத்துக்காட்டினார். நிதானமே அக்கிருமியின் பலம். நம் குடலில் வசிக்கும் சாதாரணக் கிருமி ஒன்று இருபது நிமிஷத்தில் இரண்டாகப் பெருகும். க்ஷயக் கிருமி அதற்கு ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்கிறது. 1998-ல் அதன் பரம்பரைக் குறிப்பு முழுவதையும் விஞ்ஞானிகள் படித்து முடித்தார்கள். 44 லட்சம் எழுத்துக்கள், சுமார் 4,000 ஜீன்கள் கொண்ட அந்த நூலில் ஒரு விஷயம் அவர்களை வியக்க வைத்தது. கொழுப்பைச் செய்வதற்கும் சிதைப்பதற்கும் மட்டும் அக்கிருமி சுமார் 250 நொதிகளுக்கான ஜீன்களை வைத்திருக்கிறது. குடற் கிருமியிடம் இருப்பவை சுமார் 50 தான். க்ஷயக் கிருமியின் மேற்சுவரே மெழுகு போன்ற கொழுப்பால் ஆனது. அதன் ஆகாரமும் கொழுப்பே. நம் உடம்பின் அணுக்களில் உள்ள கொலஸ்டிராலை உறிஞ்சியே அது நெடுநாள் உயிர்வாழ்கிறது என்பது 2008-ல் எலிகளைக்கொண்டு நிரூபிக்கப்பட்டது. ஆகவே, அது சர்க்கரைக்காக நாக்கைத் தொங்கவிட்டுக் காத்திருக்கும் பிராணியன்று.

அப்படியானால் நீரிழிவு அதற்கு எவ்வாறு உதவுகிறது? இருமுகிறவனுடைய மூச்சிலிருந்து கிளம்பிய கிருமி, மற்றவனுடைய நுரையீரலின் கடைக்கோடிக் காற்றறைக்குள் போய் விழுகிறது. அங்கே காவலிருக்கும் பெரிய வெள்ளணு அதை உடனே விழுங்கிவிடுகிறது. விழுங்கிய எதையும் ஒரு பையில் அடைத்து, அப்பையில் அமிலத்தையும் நொதிகளையும் பாய்ச்சிக் கரைத்துவிடுவது அந்த வெள்ளணுவின் வழக்கம். க்ஷயக் கிருமியோ அந்தப் பாய்ச்சலைத் தடுத்து, விழுங்கியவனுடைய வயிற்றுக்குள்ளேயே சுகமாக வாசம் செய்கிறது. இந்நிலையில் காவலாள் செய்யக்கூடியது ஒன்றே: நெறிக்கட்டிக்குத் தகவல் அனுப்பிச் சேனையை வரவழைப்பது. அங்கே பயிற்சி பெற்ற வெள்ளணுக்கள் வந்து கிருமி உள்ள இடத்தைச் சுற்றி வளைத்துக் கோட்டை கட்டிவிட்டால், கிருமி சாகாவிட்டாலும் சிறைப்பட்டுவிடும். கிருமி உடம்பில் புகுந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆயுள் முழுவதும் நோயின்றி வாழ்வது இதனால்தான்.

நீரிழிவு கெடுப்பது இந்தத் தகவலை. மாஸசூஸெட்ஸ் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் 2010-ல் வெளியிட்ட பரிசோதனைகளில், நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளின் நுரையீரலிலிருந்து கிருமி பற்றிய செய்தி நெறிக்கட்டிக்குப் போய்ச் சேரத் தாமதமாயிற்று. ஆகவே சேனை புறப்படவும் தாமதமாயிற்று. அந்த இடைவெளியில் நிதானக்காரக் கிருமி தன் வீட்டைப் பெருக்கிக்கொண்டது. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று அது நடந்துகொள்கிறது என்றால் மிகையாகாது.

கதை இத்துடன் முடியவில்லை. தாமதமாக வந்த சேனை அளவோடு நடந்துகொண்டாலாவது பாதகமில்லை. சென்னை சேத்துப்பட்டில் உள்ள தேசிய க்ஷயரோக ஆராய்ச்சி நிறுவனத்தில், நீரிழிவு உள்ள க்ஷயரோகிகளின் ரத்தத்தையும் நீரிழிவு இல்லாத க்ஷயரோகிகளின் ரத்தத்தையும் ஒப்பிட்டு 2013-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். நீரிழிவுக்காரர்களுடைய எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். அதற்கு மாறாக, அழற்சியைத் தூண்டும் மூலக்கூறுகள் அவர்களிடம் அதிகமாகவே இருந்தன. நேரத்தில் வராத போலீஸார், வந்த பிறகு கண்மண் தெரியாமல் தடியடி செய்தால் எப்படியோ அப்படி! கிருமிக்கு விழவேண்டிய அடி நுரையீரலுக்கு விழுகிறது. நீரிழிவுக்காரர்களின் நுரையீரலில் குழிகள் அதிகமாகக் காணப்படுவதற்கு இது ஒரு காரணமாயிருக்கக்கூடும். நம் ஊரில், நம் நோயாளிகளிடமிருந்து, நம் ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்த இந்த உண்மையை உலகமெங்கும் எடுத்தாளுகிறார்கள் என்பது நமக்கு மகிழ்ச்சி தருகிறது.

மருந்தின் விஷயத்திலும் இரு வியாதிகளும் ஒன்றன் காலை மற்றொன்று வாரிவிடுகின்றன. க்ஷயத்துக்கு இன்று முக்கியமான மருந்து ரிபாம்பிஸின். கிருமி தன் ஜீன்களைப் படியெடுக்கும் நொதியை அது பற்றிக்கொண்டு வேலை நடக்கவொட்டாமல் செய்கிறது. ஆனால் அதே மருந்து நோயாளியின் கல்லீரலைத் தூண்டிவிட்டு, மற்ற மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைப் பெருக்குகிறது. நீரிழிவுக்குச் சாதாரணமாகக் கொடுக்கப்படும் கிளிபென்கிளமைட், கிளிமிபிரைட் போன்ற மாத்திரைகள் அவ்வாறு சிதைந்து வீணாகின்றன. நோயாளி தவறாமல் மாத்திரை சாப்பிடுகிறார். சர்க்கரை மட்டும் ஏறுகிறது. ஆகாரத்தில் கட்டுப்பாடு இல்லை என்று டாக்டர் கோபிக்கிறார். இரண்டு சீட்டுகளையும் ஒருவரே பார்த்திருந்தால் இந்தக் கோபத்துக்கு இடமிராது. இன்ஸுலினுக்கு இந்தக் கதியில்லை. மெட்பார்மினும் கல்லீரலில் சிதையாமல் மூத்திரத்தோடு வெளியேறுவதால் தப்பித்துக்கொள்கிறது.

மெட்பார்மினைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. ஐரோப்பாவில் வயலோரம் வளரும் ஒரு பூண்டின் சரக்கை அடிப்படையாகக் கொண்டு உண்டாகி, 1957-ல் பிரான்ஸில் நீரிழிவுக்கு வழங்கத் தொடங்கிய மலிவான மருந்து அது. இது வெள்ளணுவின் உள்ளே ஒரு விசையைத் தட்டி, அது விழுங்கிய கிருமியைக் கரைப்பதற்குத் தூண்டுகிறது என்று சிங்கப்பூர் விஞ்ஞானிகள் 2014-ல் அறிவித்தபோது மிகுந்த உற்சாகம் ஏற்பட்டது. கிருமியைத் தாக்காமல் நோயாளியின் காவலாளுக்கு உரம் ஊட்டும் மருந்து என்றால், கிருமி அதற்கு எதிராகப் பழகிக்கொள்வதும் எளிதன்றே! இதைச் சேத்துப்பட்டு நிறுவனத்தார் மனிதர்களிடத்தில் சோதித்துப் பார்த்தார்கள். 322 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கியதுபோல் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் க்ஷய மருந்துகளுடன் மெட்பார்மினையும் கொடுத்தார்கள். 2022-ல் முடிவு வெளிவந்தது. கிருமி சளியிலிருந்து சீக்கிரம் மறைந்துவிடவில்லை. ஆனால் அழற்சி குறைந்தது. எக்ஸ்ரே படத்தில் நுரையீரல் விரைவில் தெளிந்தது. எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்று ஒளிக்காமல் எழுதிய அந்த ஆராய்ச்சியாளர்களைப் பாராட்டுகிறோம். ஆராய்ச்சி என்பது அதுதான். தினசரிப் பத்திரிகைகளில் வாரந்தோறும் ஓர் அற்புத மருந்து பிறக்கிறது; அது பிறகு என்னவாயிற்று என்று எந்தப் பத்திரிகையும் எழுதுவதில்லை. நம்மையும் சேர்த்துத்தான் சொல்லுகிறோம்.

இந்தச் சேத்துப்பட்டு நிறுவனத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1956-ல், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸில், சென்னை ராஜ்ய சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸில் ஆகியோர் சேர்ந்து அதைத் தொடங்கினார்கள். டாக்டர் வாலஸ் பாக்ஸ் முன்னின்று நடத்தினார். தாம்பரத்தில் டாக்டர் செளரிமுத்து 1928-ல் நிறுவிய சானடோரியம் போன்ற இடங்களில் நல்ல காற்றும் ஓய்வும் ஆகாரமும் கொடுத்து நோயாளியை மாதக்கணக்கில் வைத்திருப்பதே சிகிச்சை என்று கருதப்பட்ட காலம் அது. அத்தனை பேருக்கும் சானடோரியம் கட்ட நம் நாட்டில் பணம் ஏது? நெருக்கமான சென்னைச் சேரிகளில், வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் இருந்து சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய ஒரேயளவில் குணமடைந்தார்கள் என்று 1959-ல் அந்நிறுவனம் வெளியிட்டது. வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்கு நோய் அதிகமாகத் தொற்றவில்லை என்பதும் பின்னர் தெளிவாயிற்று. உலகமெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்குச் சென்னையின் ஏழை நோயாளிகள் ஒரு முக்கிய காரணம். பணக்கார நாடு கேட்டிராத ஒரு கேள்வியை ஏழை நாடு கேட்டதால் கிடைத்த விடை அது. இன்று க்ஷயமும் நீரிழிவும் சேர்ந்த கேள்வியும் அத்தகையதே.

ஆனால் விஞ்ஞானம் எவ்வளவு நுட்பமாக வளர்ந்தாலும் வயிற்றை மறந்துவிடக்கூடாது. நம் நாட்டில் க்ஷயத்துக்கு எல்லாவற்றிலும் பெரிய காரணம் இன்னமும் போஷணைக் குறைவே. ஜார்க்கண்டில் க்ஷயரோகிகளின் குடும்பங்களுக்கு அரிசி, பருப்பு முதலியவற்றைக் கொடுத்துப் பார்த்த ஒரு பெரிய பரிசோதனையில், அவ்வீடுகளில் புதிதாக நோய் காண்பது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது என்று 2023-ல் வெளியாயிற்று. எந்த விலையுயர்ந்த மருந்துக்கும் இது குறைந்த பலனன்று. நோயாளிக்கு இந்திய சர்க்கார் 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் ஆகாரத்துக்காகக் கொடுத்துவருகிறது, வரவேற்கிறோம். இங்கேதான் ஒரு சங்கடம். மெலிந்தவனுக்குக் கஞ்சியும் சோறும் ஏராளமாகக் கொடு என்கிறது ஒரு வியாதி. அரிசியைக் குறை என்கிறது மற்றொன்று. இரண்டும் உள்ளவனுக்கு என்ன கொடுப்பது? பருப்பு, கடலை, முட்டை, மீன், பால் என்று விடை சொல்வது எளிது. ரேஷன் கடையில் மலிவாகக் கிடைப்பது அரிசி. இதைத் தீர்க்கவேண்டியவர் ரஸாயன நிபுணர் அல்லர், உணவு மந்திரி.

தமிழ்நாடு சர்க்கார் 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் நல்ல பெயர் எடுத்திருக்கிறது. நோய் கண்டவுடன் நோயாளியின் எடை உயரம், கால் வீக்கம், மூச்சின் வேகம், ரத்தத்தில் பிராணவாயு, எழுந்து நிற்கும் சக்தி இவற்றைப் பார்த்து, அபாய நிலையில் உள்ளவர்களை உடனே ஆஸ்பத்திரியில் சேர்ப்பது அதன் முறை. ஆய்வுக்கூடம் இல்லாத கிராமத்திலும் செய்யக்கூடிய காரியம். அவசரத்துக்கு அதுவே சரி. 2021-ல் வந்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்படி நீரிழிவு மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. ஆக, ஒரு திட்டத்தின் ஊழியர் க்ஷயரோகியைத் தேடிப் போகிறார். மற்றொரு திட்டத்தின் ஊழியர் நீரிழிவுக்காரரைத் தேடிப் போகிறார். இருவரும் ஒரே தெருவில் நடக்கிறார்கள். மாத்திரை கொண்டுபோகும் அம்மையார், “இரண்டு வாரமாக இருமல் உண்டா? எடை குறைந்ததா? மாலையில் ஜுரம் காய்கிறதா?” என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டேயாகவேண்டும் என்பதையும், க்ஷயம் என்று தெரிந்த அன்றே நோயாளியின் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்த்தேயாகவேண்டும் என்பதையும் ஏட்டளவில் இல்லாமல் நடைமுறையில் கொண்டுவரவேண்டும் என்கிறோம். இரு வியாதிகளையும் சேர்த்துக் கவனிப்பதற்கு இந்திய சர்க்கார் 2017-லேயே ஒரு முறையை வகுத்து அச்சிட்டிருக்கிறது. புதிதாக ஒரு கமிட்டி வேண்டியதில்லை.

இருமல் உண்டு என்று சொன்னவரைச் சோதிக்கச் சாதனமும் இருக்கிறது. சளியில் கிருமியின் ஜீனைத் தேடிக் கண்டுபிடித்து, ரிபாம்பிஸினுக்கு அது அடங்குமா என்பதையும் சொல்லும் ட்ரூநாட் என்ற சிறு யந்திரம் நம் நாட்டிலேயே, பெங்களூரிலும் கோவாவிலும் உருவானது. 2020-ல் உலக சுகாதார ஸ்தாபனம் அதை அங்கீகரித்தது. மின்சாரம் நின்றாலும் பாட்டரியில் ஓடும். கிருமியின் சக்தி உற்பத்தியையே நிறுத்திவிடும் பெடாகுவிலின் என்ற மருந்தின் பேட்டண்டை நீட்டிக்கவேண்டுமென்று அன்னியக் கம்பெனியொன்று செய்த விண்ணப்பத்தை, 2023 மார்ச் மாதத்தில் இந்தியப் பேட்டண்ட் ஆபீஸ் நிராகரித்தது. ஆட்சேபம் தாக்கல் செய்தவர்கள் இருவர்: க்ஷயத்திலிருந்து மீண்டு, அந்தச் சிகிச்சையிலேயே செவிப்புலனை இழந்த ஒரு மும்பைப் பெண்மணியும் ஒரு தென்னாப்பிரிக்கப் பெண்மணியும். அதன் பிறகு நம் நாட்டுக் கம்பெனிகள் மலிவாக அம்மருந்தைச் செய்ய வழி திறந்தது.

2025-க்குள் க்ஷயத்தை ஒழித்துவிடுவதாக 2018-ல் பிரதம மந்திரி அறிவித்தார். அது நிறைவேறவில்லை. லட்சம் பேருக்கு 2015-ல் 237 ஆக இருந்த புதிய நோயாளிகள் 2024-ல் 187 ஆகக் குறைந்திருக்கிறார்கள். குறைந்தது உண்மை, ஒழியவில்லை என்பதும் உண்மை. நீரிழிவு இதே வருஷங்களில் கிராமங்களுக்குள்ளும் பரவிக்கொண்டிருக்கிறது. ஒரு கையால் நீரை இறைத்து மறு கையால் கரையை வெட்டினால் குளம் எப்போது வற்றும்?

க்ஷயம் முற்றியிருக்கும்போது, உடம்பின் வேதனையினாலேயே சிலருக்குச் சர்க்கரை ஏறி, நோய் தணிந்ததும் தானே இறங்கிவிடுவதுண்டு. அவர்களை ஆயுள் முழுவதும் நீரிழிவுக்காரர்கள் என்று முத்திரை குத்துவது தவறு. மற்றவர்களை விட்டுவிடுவதும் தவறு. சிகிச்சையின் ஆறாவது மாதத்தில், கடைசி மாத்திரையைக் கொடுத்து அனுப்பும் அன்றைக்கு, மறுபடியும் ஒருமுறை சர்க்கரை பார்த்து நோயாளியின் சீட்டில் எழுதிக் கொடுக்கும்படி ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு உத்தரவு போகவேண்டும். ஒரு சொட்டு ரத்தமும் ஒரு வரி எழுத்தும்தான் அதற்கு ஆகும் செலவு.